கேபிளை இழுக்கும் குரங்கு, பவுர்ணமியில் திணறும் டவர்: ரமணாசிரமம் பகுதியில் எந்த நெட் போடலாம்?

திருவண்ணாமலை—

வீட்டில் நெட் நின்றுவிட்டால் மற்ற ஊர்க்காரர்கள் ரூட்டரை அணைத்துப் போடுவார்கள். ரமணாசிரமம் பகுதிக்காரர்கள் முதலில் மொட்டை மாடிக்கு ஓடுவார்கள். குரங்கு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு!

தமாஷ் அல்ல. மலையடிவாரத்துக் குரங்குகளுக்கு, மின்கம்பத்தில் இருந்து மாடிக்குப் போகிற கேபிள்தான் பாதை. அதுவே ஊஞ்சல். ஒன்று தொங்கும். ஒன்று இழுக்கும். பொழுது போகாத மூன்றாவது, கடித்துப் பார்க்கும். உள்ளே ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிற பையன், "அம்மா, நெட் போச்சு!" என்று அலறுவான்.

அந்தக் கேபிளுக்குள் இருப்பது தலைமுடி பருமனுள்ள கண்ணாடி இழை. அது ஒடிந்தால் அன்றைய பிழைப்பும் ஒடிந்தது.

"எந்தக் கம்பெனி நெட் சார் நல்லா இருக்கும்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். செங்கம் ரோட்டில் டீ குடிக்கும்போது இதைக் கேட்டுப் பாருங்கள். பத்துப் பேர் பத்துப் பெயர் சொல்வார்கள். பத்துப் பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். ஏன் என்றால் ஒரு தெருவில் நன்றாக ஓடுகிற கம்பெனி அடுத்த தெருவில் நொண்டும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு. "அறுந்தால் யார் வருவார்கள்? எத்தனை மணி நேரத்தில் வருவார்கள்?"

மவுனம் இருந்த இடத்தில்...

ரமண மகரிஷி மலையை விட்டு இறங்கி அடிவாரத்துக்கு வந்தது 1922-ம் ஆண்டு. அப்போது இந்தப் பக்கம் காடு. 1950-ல் அவர் சமாதி அடைந்த பிறகும் பக்தர்கள் வருவது நிற்கவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்காக வீடுகள் எழும்பின. ரமணா நகர் வளர்ந்தது.

ஒரு காலத்தில் செங்கம் ரோட்டில் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத்துகளுக்கு நல்ல கிராக்கி. மீட்டரைப் பார்த்துக்கொண்டே வெள்ளைக்காரர்கள் ஊருக்குப் பேசுவார்கள். பிறகு பிரவுசிங் சென்டர்கள் வந்தன. மணிக்கு இவ்வளவு என்று காசு. இப்போது அந்த வேலை எல்லாம் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது.

மவுனமே உபதேசம் என்று இருந்த மகான் வாழ்ந்த இடம். அங்கே இன்று நெட் மவுனமாகிவிட்டால் யாருக்கும் பொறுமை இல்லை!

பொறுமை இல்லாததற்குக் காரணமும் இருக்கிறது. பெங்களூர், சென்னை சாப்ட்வேர் கம்பெனிகளில் வேலை பார்க்கிற பிள்ளைகள் பலர், கொரோனா காலத்தில் ஊருக்கு வந்து வீட்டில் இருந்தே வேலை செய்யப் பழகினார்கள். ஒரு நாள் நெட் இல்லை என்றால் லீவு போட்டுச் சமாளிக்கலாம். வாரம் ஒரு தடவை இதே கதை என்றால் மேலதிகாரி என்ன சொல்வார்? "பேசாம ஆபீசுக்கே வந்துடு" என்பார். பையன் பெட்டியைக் கட்டினால் வயதான பெற்றோர் மறுபடி தனியாக உட்கார வேண்டியதுதான்.

வாடகைக்கு அறை விடுகிறவர்கள் பாடு இன்னொரு மாதிரி. வெளிநாட்டுக்காரர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்தத் தகவலை ஆன்லைனில் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். "நெட் இல்லீங்க" என்பது சாக்கு ஆகாது. அது மட்டும் அல்ல. அறை கேட்டு வருகிறவர்களும் வெந்நீர் வருமா என்று கேட்ட கையோடு, வை-பை எப்படி என்றுதான் கேட்கிறார்கள்.

நொண்டியின் வம்சம்

குரங்கை விரட்டினால் என்ன என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். இந்த இடத்தில் அது நடக்காது. ரமணர் மலையில் இருந்த காலத்தில், அடிபட்டு வந்த ஒரு நொண்டிக் குரங்கை வளர்த்துக் காப்பாற்றினார். அது பின்னாளில் கூட்டத்துக்கே ராஜா ஆனது என்பது ஊர் அறிந்த கதை. ஆசிரமத்துக்குள் லட்சுமி என்ற பசுவுக்குச் சமாதி உண்டு. மானுக்கும், காக்கைக்கும், நாய்க்கும்கூட உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் யார் கல் எடுப்பார்கள்?

இந்தத் தொல்லை திருவண்ணாமலைக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். காசியில் கங்கைக் கரை ஓரமாக வை-பைக்காகக் கட்டிய பைபர் கேபிளை குரங்குகள் தின்றே தீர்த்துவிட்டன என்று 2015-ம் ஆண்டு உலகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. புதிதாகப் போட்ட கேபிள் இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லையாம். பூமிக்குள் புதைக்கலாம் என்றால் நெருக்கடியான பழைய ஊர். தோண்ட இடம் இல்லை. பிரதமரின் தொகுதிக்கே அந்தக் கதி!

"மெஷின் இருக்கா?"

பழைய டெலிபோன் கம்பி செம்பு. அறுந்தால் லைன்மேன் வந்து இரண்டு முனையையும் முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போவார். கொரகொர என்றாவது பேச முடியும்.

கண்ணாடி இழையை முறுக்க முடியாது. ஒடிந்த இரண்டு முனைகளையும் சுத்தமாக வெட்டி, நேருக்கு நேர் வைத்து, மின்பொறியில் உருக்கி ஒட்ட வேண்டும். அதற்கு 'ஸ்பிளைசிங் மெஷின்' என்று ஒரு கருவி. விலை அதிகம். எல்லாக் கேபிள்காரரிடமும் சொந்தமாக இருக்காது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. மெஷின் வைத்திருக்கிற ஆள் ரமணா நகரிலேயே இருந்தால், காலையில் அறுந்தது மதியத்துக்குள் ஓடும். மெஷின் வேறு எங்கோ இருந்தால், "டீம் வந்துட்டு இருக்கு சார்" என்ற பதிலே இரண்டு நாளைக்கு வரும்.

கனெக்சன் கொடுக்க வருகிற ஆளிடம் வேகத்தைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள். "ஸ்பிளைசிங் மெஷின் உங்ககிட்ட இருக்கா?" அவர் விழிக்கிற விழியிலேயே பாதி பதில் தெரிந்துவிடும்.

பழுது எங்கே என்று நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பைபர் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தாலோ, சிமிட்டினாலோ ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் கேபிள் கோளாறு. ரூட்டரை நூறு தடவை அணைத்துப் போட்டாலும் பயன் இல்லை. நேராகப் புகார் கொடுக்க வேண்டியதுதான். சிவப்பு விளக்கு இல்லாமல் நெட் மட்டும் வரவில்லை என்றால் கோளாறு வேறு இடத்தில்.

மாடியில் கேபிளைச் சுருட்டித் தொங்கவிடுவது, குரங்குக்கு நாமே விளையாட்டுச் சாமான் வாங்கிக் கொடுப்பது போல. கனெக்சன் கொடுக்கும் அன்றே, சுவரை ஒட்டி பி.வி.சி. குழாய்க்குள் விட்டுத் தரச் சொல்லுங்கள். குழாய்க்குச் சில நூறு ரூபாய் ஆனாலும் கணக்குப் பார்க்க வேண்டாம். கம்பத்தில் இருந்து வருகிற துண்டுக்கு மட்டும் யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

பெயர் ஒன்று, கம்பி வேறு

பி.எஸ்.என்.எல்., ஜியோ, ஏர்டெல் என்று பெரிய பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். தெருவுக்குத் தெரு கேபிள் டி.வி.க்காரர்கள் கொடுக்கிற நெட்டும் இருக்கிறது.

பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. பி.எஸ்.என்.எல். பைபர் கனெக்சன் பல இடங்களில் உள்ளூர் கேபிள்காரர்களைப் பங்குதாரர்களாக வைத்துத்தான் வீட்டுக்கு வருகிறது. பில் அரசாங்கக் கம்பெனி பெயரில் வரும். கம்பத்தில் ஏறுகிறவர் உங்கள் தெருக்காரராகவே இருப்பார். வருமானத்தை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

ஆகவே கம்பெனி பெயரை மட்டும் வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. உங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும், எதிர் வரிசையிலும் உள்ள வீடுகளில் விசாரியுங்கள். "நெட் எப்படி?" என்று கேட்காதீர்கள். "பரவாயில்லை" என்பார்கள். "கடைசியா எப்ப அறுந்தது? எத்தனை நாள் ஆச்சு?" என்று கேளுங்கள். அப்போதுதான் வயிற்றெரிச்சல் எல்லாம் வெளியே வரும்.

பவுர்ணமி டெஸ்ட்

கேபிளே வேண்டாம், காற்றில் வருகிற நெட் இருக்கிறதே என்கிறார்கள் சிலர். 2023-ம் ஆண்டு ஆகஸ்டில் ஏர்டெல்லும், செப்டம்பரில் ஜியோவும் 'ஏர்பைபர்' என்ற பெயரில் இதைக் கொண்டு வந்தன. மாடியில் ஒரு பெட்டி. அது 5ஜி டவரில் இருந்து சிக்னலைப் பிடித்து வீட்டுக்குள் கொடுக்கும்.

குரங்கு அறுக்க நீளமான கேபிள் இல்லை என்பது உண்மை. கேபிள் போகாத சந்துகளுக்கு இது வரப்பிரசாதம்தான்.

ஆனால் இந்த ஊரில் இரண்டு சங்கடங்கள். ஒன்று மலை. 800 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. உங்கள் வீட்டுக்கும் டவருக்கும் நடுவே பாறையோ, பெரிய மரமோ, பக்கத்து வீட்டு மூன்றாம் மாடியோ வந்தால் சிக்னல் மெலியும். பெட்டியை மாட்டுவதற்கு முன்னால் மாடியில் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று பவுர்ணமி. கிரிவலம் 14 கிலோ மீட்டர். பாதை ஆசிரமத்தின் வாசல் வழியாகத்தான் போகிறது. லட்சக்கணக்கில் ஜனங்கள் நடக்கிறார்கள். ஆளுக்கு ஒரு செல்போன். போட்டோ, வீடியோ கால். டவர் என்ன செய்யும்? அந்த ராத்திரி, எதிரே நிற்கிறவருக்கே போன் கிடைக்காமல் திண்டாடிய அனுபவம் ஊரில் எல்லோருக்கும் உண்டு. டவரை நம்பி இருக்கிற வீட்டு நெட்டும் அப்போது மந்தமாக வாய்ப்பு இருக்கிறது. கார்த்திகை தீபம் என்றால் சொல்லவே வேண்டாம்.

எனவே ஏர்பைபர் போட நினைப்பவர்கள், ஏற்கனவே போட்டிருக்கும் பக்கத்து வீட்டுக்கு பவுர்ணமி அன்று ராத்திரி 8 மணிக்கு மேல் ஒரு நடை போய்ப் பார்ப்பது நல்லது. சாமி கும்பிட்ட மாதிரியும் ஆச்சு, நெட்டைப் பார்த்த மாதிரியும் ஆச்சு!

கேபிள் நெட்டுக்கும் சாயங்காலச் சோதனை அவசியம். ஒரு இழையைப் பிரித்து 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ கொடுப்பார்கள். காலை 11 மணிக்குப் பறக்கும். எல்லோரும் சீரியல், கிரிக்கெட் என்று உட்கார்கிற நேரத்தில்தான் சாயம் வெளுக்கும்.

100 என்றால் எவ்வளவு?

'100 எம்.பி.பி.எஸ்.' என்று நோட்டீசில் கொட்டை எழுத்தில் போடுவார்கள். படம் இறக்கும்போது பார்த்தால் வினாடிக்கு 12 தான் காட்டும். ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். நோட்டீசில் இருப்பது 'பிட்' கணக்கு. படத்தின் அளவு 'பைட்' கணக்கு. 8 பிட் சேர்ந்தால் 1 பைட். நூறை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை.

நாலு பேர் உள்ள வீட்டுக்கு 40, 50 எம்.பி.பி.எஸ். தாராளம். 40-ல் ஒன்றரை ஜி.பி. படம் ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடும். 2004-ல் அரசு பிராட்பேண்ட் கொள்கை வகுத்தபோது, 256 கே.பி.பி.எஸ். இருந்தாலே பிராட்பேண்ட் என்றார்கள். 2023 ஜனவரியில்தான் அதை 2 எம்.பி.பி.எஸ். ஆக உயர்த்தினார்கள். நாம் 300-க்கும் 500-க்கும் ஆசைப்படுகிறோம்.

வீட்டில் இருந்து வேலை பார்க்கிறவர்கள் 'அப்லோடு' வேகத்தைத் தனியாகக் கேட்க வேண்டும். மீட்டிங்கில் உங்கள் முகமும் குரலும் அடுத்தவருக்குப் போவது அந்த வழியில்தான். ஏர்பைபரில் பொதுவாக அது டவுன்லோடைவிடக் குறைவு.

உள்ளறையில் மட்டும் நெட் வரவில்லை என்றால் கம்பெனி மேல் பழி போட வேண்டாம். பழைய வீடுகளின் தடித்த சுவர் வை-பையை விழுங்கிவிடும். ரூட்டரை டி.வி.க்குப் பின்னால் ஒளித்து வைக்காமல் வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில் வையுங்கள். சந்தேகம் இருந்தால் லேப்டாப்பில் ஒயரை நேராகச் சொருகி வேகம் பாருங்கள். ஒயரில் வேகம் வந்தால் குற்றவாளி சுவர்தான்.

ஒரு வருஷப் பணம்

2020-ல் ஜியோ 399 ரூபாய்க்கு 30 எம்.பி.பி.எஸ். என்று அறிவித்தபோது பரபரப்பு ஏற்பட்டது. ஆனால் இதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. கையில் இருந்து போவது 470 ரூபாய் 82 காசு. எந்தக் கம்பெனி விலை சொன்னாலும் "வரி சேர்த்தா, சேர்க்காமலா?" என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

"ஒரு வருஷத்துக்கு மொத்தமா கட்டுங்க, ரூட்டர் இலவசம்" என்பார்கள். அவசரம் வேண்டாம். அறுந்தால் ஆள் வருகிறாரா என்று தெரியாமல் வருஷப் பணத்தைக் கட்டிவிட்டால் உங்கள் பிடி போய்விடும். முதலில் ஒரு மாதம், பிறகு மூன்று மாதம். ஒரு மழைக்காலத்தைத் தாண்டிய நெட்டுக்கு வருஷப் பணம் கட்டலாம். ரூட்டர் யாருக்குச் சொந்தம், டெபாசிட் எவ்வளவு, திருப்பிக் கொடுத்தால் எத்தனை நாளில் பணம் வரும் என்பதை எழுதி வாங்குங்கள்.

இந்தப் பகுதியில் குளிர்காலம்தான் சீசன். கோடையில் பல வீடுகள் பூட்டிக் கிடக்கும். பூட்டிய வீட்டுக்கு எதற்கு நெட் வாடகை? சில கம்பெனிகளில் 'சேப் கஸ்டடி' என்ற பெயரில் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் வசதி உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள்.

அறை விடுகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. கனெக்சன் உங்கள் பெயரில். பாஸ்வேர்டு யார் யார் கையிலோ. ஏதாவது வில்லங்கம் என்றால் போலீஸ் முதலில் தட்டுவது உங்கள் கதவைத்தான். ஆள் மாறும்போது பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

மழை, கரண்ட்

பைபர் நெட்டுக்குக் கம்பத்தில் இருக்கிற சின்னப் பெட்டியில் பெரும்பாலும் கரண்ட் தேவை இல்லை. ஒளி தானாகப் பிரிந்து போகும். ஆனால் உங்கள் வீட்டு ரூட்டருக்கு வேண்டும். கேபிள்காரரின் ஆபீசுக்கும் வேண்டும். வீட்டில் இன்வெர்ட்டர் இல்லாவிட்டால் 12 வோல்ட் 'மினி யு.பி.எஸ்.' ஒன்று வாங்கி ரூட்டருக்கு மாட்டலாம். சில மணி நேரம் தாங்கும். கேபிள்காரரிடம் பேட்டரி இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். அவர் இருட்டில் உட்கார்ந்தால் உங்கள் யு.பி.எஸ். வீண்.

2024 டிசம்பர் 1-ந்தேதி பெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மலைச்சரிவு இடிந்து 7 பேர் மண்ணில் புதைந்து பலியானார்கள். அப்படிப்பட்ட ராத்திரியில்தான் வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் பதறிப்போய் போன் செய்வார்கள். வீட்டு நெட் ஒரு கம்பெனி என்றால் செல்போன் சிம் வேறு கம்பெனியாக இருக்கட்டும். ஒன்று படுத்தாலும் ஒன்று பேசும்.

புகார் நம்பர் எங்கே?

நெட் நின்றால் கேபிள்காரரின் செல்லுக்கு மட்டும் போன் செய்துவிட்டுக் காத்திருப்பது பலருடைய வழக்கம். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பேச்சு எந்தக் கணக்கிலும் ஏறாது.

டிராய் அமைப்பு 2024-ல் கொண்டுவந்த புதிய விதிகளின்படி, பணம் கட்டிய 7 நாளுக்குள் பிராட்பேண்ட் கனெக்சன் தர வேண்டும். லைன் பழுதைச் சரிசெய்ய 3 நாளுக்கு மேல் ஆனால் வாடிக்கையாளருக்கு இழப்பீடு உண்டு. இதைக் கேட்பதற்கு, பழுது எப்போது ஏற்பட்டது என்ற அத்தாட்சி வேண்டும். கம்பெனியின் கஸ்டமர் கேரில் பதிவு செய்து வாங்கிய புகார் நம்பர்தான் அது. தேதி, நேரத்தோடு குறித்து வையுங்கள்.

அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் கம்பெனிக்குள்ளேயே மேல்முறையீட்டு அதிகாரி இருக்கிறார். டெலிபோன் சம்பந்தப்பட்ட வழக்கு நுகர்வோர் கோர்ட்டில் செல்லாது என்று முன்பு கம்பெனிகள் வாதாடி வந்தன. செல்லும் என்று 2022 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறிவிட்டது.

பில்லில் கழிக்கப்போவது நூறோ இருநூறோ இருக்கலாம். ஆனால் புகார் நம்பர் ஏறிவிட்டால், மெஷினோடு ஆள் வருகிற வேகமே தனி!